குழுவீரர் படக்கதைகளில் கதையோட்டமும் கிளைக்கதைகளும்

தோற்றுவாய்

படக்கதை என்ற சொல்லைக் கேட்டதும் அது சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என்று புறந்தள்ளும் வழக்கம் கற்றோரிடையே உண்டு. கதைக்கலையைப் பாடமாகப் பயில்வோர் அவ்வழக்கத்தைச் சற்றே விலக்கி வைத்து, அமெரிக்க நாட்டில் மாதந்தோறும் வெளிவரும் குழுவீரர் படக்கதைகளை நோக்குவது பயன்தரும். ஏழெட்டு முதன்மை மாந்தரை வைத்துக்கொண்டு, மாதத்திற்கு இருபது பக்க அளவில், பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரே கதையை இடையறாது சொல்லிச் செல்லும் நெருக்கடி பிற கதை வகைகளில் காண்பதற்கு அரிது. கதையின் வேகத்தை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது, யாருடைய கதையை எப்போது எடுப்பது என்னும் வினாக்கள் அந்நெருக்கடியில் மறைவின்றி வெளிப்படுகின்றன.

மார்வெல் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்-மென் தொடரில், கிறிஸ் கிளேர்மான்ட் எழுதிய 1975 முதல் 1991 வரையிலான பகுதியே இக்கட்டுரைக்கு முதன்மைச் சான்று. ஒப்பு நோக்கும் பொருட்டு டி.சி. நிறுவனத்தின் இரண்டு தொடர்களும் இடையிடையே எடுத்தாளப்படும்.

கிளைக்கதை என்னும் சொல் நமக்குப் புதியதன்று. பாரதத்தில் வனவாசத்தின்போது தருமருக்கு நளன் கதை சொல்லப்படுகிறது. முதற்கதை நின்றுவிடுகிறது, கிளைக்கதை தொடங்கி, வளர்ந்து, முடிகிறது, பின்னர் முதற்கதை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. படக்கதைத் தொடரின் கிளைக்கதை அவ்வாறு ஓரிடத்தில் நின்று சொல்லப்படுவதில்லை. இந்த மாதம் இரண்டு பக்கம், அடுத்த மாதம் அரைப் பக்கம், பின் இரண்டு மாதம் ஒன்றுமில்லை, மறுபடியும் ஒரு பக்கம் எனச் சிறுசிறு துண்டுகளாக முதற்கதையின் அருகிலேயே அது ஓடிக்கொண்டிருக்கும். ஆலமரத்தின் விழுதைப்போல் நெடுநாள் காற்றில் தொங்கிக்கொண்டிருந்து, ஒருநாள் நிலத்தைத் தொட்டு, வேரூன்றிப் பருத்துத் தானே ஓர் அடிமரம் ஆகிவிடும். விழுது அடிமரமாக மாறும் இந்த நிகழ்ச்சியே குழுவீரர் படக்கதையின் உயிர்நாடி எனலாம்.

பக்கமும் பங்கீடும்

1970களின் பிற்பாதியில் மார்வெல் மாத இதழ் ஒன்றில் கதைக்கெனக் கிடைத்தவை பெரும்பாலும் 17 பக்கங்களே. 1980இல்தான் அது 22 ஆயிற்று. ஒரு பக்கத்திற்கு ஐந்து அல்லது ஆறு கட்டங்கள் எனக் கொண்டால், 17 பக்கங்களில் ஏறத்தாழ நூறு கட்டங்கள் கிடைக்கும். இவ்வகைக் கதைக்குச் சண்டை இன்றியமையாதது. அதற்கு எட்டுப் பத்துப் பக்கங்கள் போய்விடும். சென்ற இதழில் நடந்ததை நினைவூட்ட ஒரு பக்கம் வேண்டும். எஞ்சியிருப்பது ஐந்தாறு பக்கம். அதற்குள் எழுவரும் பேச வேண்டும். அவர்களுடைய அன்பும் பிணக்கும் அச்சமும் வெளிப்பட வேண்டும்.

1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தோற்றுவித்த எக்ஸ்-மென் குழுவில் பேராசிரியர் சேவியரும் ஐந்து மாணவர்களும் இருந்தனர். தொடர் நன்கு விற்கவில்லை. 1970ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1975 வரை பழைய கதைகளையே மறுபதிப்பாக வெளியிட்டு வந்தார்கள். 1975இல் லென் வெய்ன் எழுத்திலும் டேவ் காக்ரம் ஓவியத்திலும் புதிய குழு பிறந்தது. கென்யா, சைபீரியா, ஜெர்மனி, கனடா, அயர்லாந்து எனப் பல நாட்டினர் அதில் இடம்பெற்றனர். விரைவிலேயே எழுத்துப்பணி இளைஞரான கிளேர்மான்டின் கைக்கு வந்தது. அப்போது அது இரு மாதங்களுக்கு ஒருமுறை வந்த இதழ். 1978இல்தான் மாத இதழாயிற்று.

இத்தனை பேரையும் ஒரே நேரத்தில் அறிமுகப்படுத்த இடமில்லை என்னும் குறையைக் கிளேர்மான்ட் ஒரு முறைமையாக மாற்றிக்கொண்டார். வுல்வரின் என்னும் மாந்தர் இதற்குத் தக்க சான்று. அவருடைய கைகளிலிருந்து நீளும் உலோக நகங்கள் கையுறையைச் சேர்ந்தவை என்றே படிப்போர் எண்ணியிருந்தனர். அவை அவர் உடலின் உறுப்பே என்பது 1976இல் 98ஆம் இதழில்தான் தெரியவந்தது. லோகன் என்னும் பெயர் 1977இல் 103ஆம் இதழில் வெளிப்படுகிறது. அதையும் அவர் தாமே கூறவில்லை. அயர்லாந்துக் கோட்டை ஒன்றில் வாழும் குட்டிப் பூதம் ஒன்று அவரை அப்பெயரிட்டு அழைத்துவிடுகிறது! ஒவ்வொன்றும் ஓரிரு கட்டங்களில் முடிந்துவிடும் செய்தி. மாதங்களை இடையில் விட்டுத் தந்தமையால், சில கட்டங்களிலேயே அவர் பிறரைவிட ஆழமான மாந்தராகத் தோன்றினார். அவருடைய இளமை வரலாறு தனி நூலாக முழுமையாகச் சொல்லப்பட்டது 2001ஆம் ஆண்டில்தான். மறைத்து வைத்தலும் ஒருவகைக் கதையோட்டமே.

லெவிட்ஸின் அட்டவணை

டி.சி. நிறுவனத்தின் லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ் 1958இல் தோன்றிய குழு. முப்பதாம் நூற்றாண்டில் வாழும் இளைஞர்களாகிய அதன் உறுப்பினர் தொகை இருபதையும் கடந்தது. ஏழு பேருக்கே இடம் போதாதபோது இருபது பேரை எங்ஙனம் நடத்துவது? 1980களில் அத்தொடரை எழுதிய பால் லெவிட்ஸ் இதற்கு ஓர் அட்டவணையைக் கையாண்டார். டென்னிஸ் ஓ'நீல் 2001இல் வெளியிட்ட படக்கதை எழுத்து பற்றிய கையேட்டில் அது விளக்கப்பட்டிருக்கிறது.

முறை எளியது. தாளின் ஒரு பக்கமாக இதழ்களின் எண்களும் மறுபக்கமாகக் கதைகளும் குறிக்கப்படும். ஒரு மாதத்தில் முதலிடம் பெறும் கதைக்குப் பெரும்பான்மைப் பக்கங்கள். இரண்டாம் கதைக்குச் சில பக்கங்கள். மூன்றாவதற்கு ஒரு பக்கம். நான்காவதற்கு ஒரு குறிப்பு மட்டும். முதற்கதை முடிந்ததும் இரண்டாம் கதை முதலிடத்திற்கு ஏறும். மூன்றாவது இரண்டாம் இடத்திற்கு வரும். அடியில் புதிய வித்து ஒன்று இடப்படும். ஆகவே எந்த இதழிலும் ஒரு கதை முடிந்துகொண்டிருக்கும், ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும், ஒன்று முளைத்துக்கொண்டிருக்கும். படிப்பவர் எந்த மாதத்திலும் தொடரைக் கைவிட வழியில்லை. விடியற்காலையில் கதையை முறித்து நிறுத்திய ஷஹர்ஸாதின் உத்தியை ஒன்றுக்கு நான்காகப் பெருக்கியது போன்றது இது.

அட்டவணை கணக்குப்பிள்ளையின் வேலையைத்தான் செய்யும் என்பதையும் கூறவேண்டும். எந்தக் கதை எப்போது ஏற வேண்டும் என்பதை அது காட்டும்; ஏறும் கதையில் உணர்ச்சி இருக்கிறதா என்பதை அது காட்டாது. கிளேர்மான்ட் இத்தகைய ஒழுங்கான ஏற்பாட்டை அப்படியே பின்பற்றியவராகத் தோன்றவில்லை. அவருடைய விழுதுகள் சில மிக நீண்டன. சில காற்றிலேயே தொங்கிப்போயின. ஆயினும் நிலத்தைத் தொட்டவை ஆழமாக ஊன்றின.

ஃபீனிக்ஸ் கதை

அவ்வாறு ஊன்றியவற்றுள் தலைசிறந்தது ஜீன் கிரே என்னும் பெண்ணின் கதை. 1976இல், விண்கலம் ஒன்றைத் தன்னந்தனியாக ஓட்டித் தன் நண்பர்களைக் காப்பாற்றும் ஜீன், 101ஆம் இதழில் அளவிறந்த ஆற்றல் உடையவளாக ஃபீனிக்ஸ் என்னும் பெயருடன் மீண்டெழுகிறாள். 1977இல் 108ஆம் இதழில் அவ்வாற்றல் அண்டத்தையே காக்கிறது. அங்கே கதை முடிந்துவிட்டது என்றே எவரும் கருதுவர். அந்த இதழிலிருந்து ஓவியம் ஜான் பைர்னுடையது; கதைத்திட்டத்திலும் அவர் பங்குகொண்டார்.

1978இல் 113ஆம் இதழில் குழு இரண்டாகப் பிரிகிறது. அண்டார்க்டிகாவில் நிகழ்ந்த போரில் மற்றவர்கள் இறந்துவிட்டார்கள் என ஜீன் நம்புகிறாள். ஜீன் இறந்துவிட்டாள் என மற்றவர்கள் நம்புகிறார்கள். படிப்பவர்க்கு மட்டுமே இரு தரப்பினரும் உயிரோடிருப்பது தெரியும். இப்பிரிவு ஏறத்தாழ ஓராண்டு நீடிக்கிறது. குழுவினர் ஜப்பானுக்கும் கனடாவுக்கும் சென்று போரிட்டுக்கொண்டிருக்க, ஓரிரு பக்கங்களில் மட்டும் ஜீன் தோன்றுகிறாள். துயரத்தோடு ஸ்காட்லாந்தின் மியூர் தீவுக்குச் செல்கிறாள். அங்கேதான் ஜேசன் வின்கார்ட் என்னும் பண்பாளன் போன்ற ஒருவன் அவள் வாழ்வில் நுழைகிறான். திடீரென அவள் பதினெட்டாம் நூற்றாண்டில் இருப்பதாகவும் அவனுடைய காதலியாக இருப்பதாகவும் காட்சிகள் தோன்றுகின்றன. ஒரு சில கட்டங்கள்தாம். உடனே முதற்கதை மீண்டுவிடுகிறது.

அப்போதைய முதற்கதை எது என்பதையும் நோக்க வேண்டும். 125 முதல் 128 வரையிலான இதழ்களில் ப்ரோட்டியஸ் என்னும் கொடிய எதிரியோடு குழு போரிடுகிறது. அவனும் ஒரு விழுதே. 1977இல் 104ஆம் இதழிலேயே மியூர் தீவில் அடைத்து வைக்கப்பட்ட 'மியூட்டன்ட் எக்ஸ்' பற்றிய சிறு குறிப்பு இடப்பட்டிருந்தது. அக்குறிப்பு முதற்கதையாக மலர இரண்டாண்டுகளுக்கு மேலாயின. ஒரு விழுது அடிமரமாகி நிற்கும் அதே இதழ்களில் அடுத்த விழுதாகிய வின்கார்ட் கதை கீழிறங்கிக்கொண்டிருக்கிறது. லெவிட்ஸின் அட்டவணையை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1980இன் தொடக்கத்தில் 129ஆம் இதழிலிருந்து வேகம் கூடுகிறது. 130ஆம் இதழில், நடன அரங்கின் நடுவே தனக்கும் வின்கார்டுக்கும் திருமணம் நடப்பதாக ஜீன் காண்கிறாள். அவளை நேசிக்கும் ஸ்காட் சம்மர்ஸ் எதிரே நின்று பார்க்கிறான். 132ஆம் இதழின் அமைப்பு தனித்துப் பாராட்டத்தக்கது. ஸ்காட்டின் கண்களிலிருந்து ஓயாது பாயும் அழிவுக்கதிரைத் தடுக்கச் சிவப்புக் கண்ணாடி வேண்டும். அதைக் கழற்றி அவன் எவர் முகத்தையும் பார்க்க முடியாது. பாலை நிலத்துக் குன்றின் உச்சியில் இருவரும் தனித்திருக்கையில், ஜீன் தன் ஆற்றலால் அக்கதிரைத் தடுத்து நிறுத்தி அவன் கண்ணாடியை அகற்றுகிறாள். முதன்முறையாக வெற்றுக் கண்களால் அவன் அவளைக் காண்கிறான். சண்டையில்லாத, மிக மென்மையான காட்சி. அதே இதழில்தான் ஜீன் வின்கார்டின் மாயையில் முற்றிலும் வீழ்ந்து, எதிரிகளின் அரசியாகத் தன் நண்பர்களையே தாக்குகிறாள். அன்பின் உச்சமும் வீழ்ச்சியும் ஒரே இதழுக்குள் அடுத்தடுத்து வைக்கப்பட்டமையால் வீழ்ச்சியின் வலி பெருகுகிறது. அவள் கண்ணாடியை அகற்றப் பயன்படுத்திய ஆற்றல் எத்துணை அச்சத்திற்குரியது என்பதும் அம்மென்மையினூடே சொல்லாமல் சொல்லப்பட்டுவிட்டது.

134ஆம் இதழில் மாயை உடைகிறது. அவள் கருநிற ஃபீனிக்ஸாக மாறுகிறாள். 135ஆம் இதழில் பசி தாளாமல் ஒரு விண்மீனையே விழுங்குகிறாள். அதைச் சுற்றிவந்த கோள் ஒன்றில் வாழ்ந்த 500 கோடி உயிர்கள் மாய்கின்றன. அதற்குச் செலவான பக்கங்கள் மிகச் சிலவே. நான்காண்டுகள் மெதுவாக நடந்த கதை, தன் கொடிய நிகழ்ச்சியை நொடிப்பொழுதில் சொல்லிவிடுகிறது. 1980 செப்டம்பர் தேதியிட்ட 137ஆம் இதழில், நிலவின் மேற்பரப்பில் ஜீன் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறாள்.

இம்முடிவு முதலில் திட்டமிடப்பட்டதன்று. ஆற்றலை மட்டும் இழந்து ஜீன் உயிர்வாழ்வதாகவே கிளேர்மான்டும் பைர்னும் அமைத்திருந்தனர். தலைமைப் பதிப்பாசிரியர் ஜிம் ஷூட்டர் அதை ஏற்கவில்லை. ஓர் உலகத்தையே அழித்தவள் விளைவேதுமின்றி வீடு திரும்புவது முறையாகாது என்பது அவர் கருத்து. முதலில் எழுதப்பட்ட முடிவு 1984இல் தனி இதழாக வெளிவந்தது. இரண்டையும் படித்து ஒப்பிடும் மாணவர் ஷூட்டரின் பக்கமே சாய்வர் என்பது என் கணிப்பு. நான்காண்டுகள் ஏற்றிய சுமையை ஒரு மருத்துவத்தால் இறக்கி வைத்திருந்தால், அத்தனை மாதங்களும் வீண் என்றே படிப்பவர் எண்ணியிருப்பர்.

இதே காலத்தில் டி.சி. நிறுவனத்தில் மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரெஸும் 1980இல் தொடங்கிய நியூ டீன் டைட்டன்ஸ் தொடர் இவ்வுத்தியை மறுதலையாகக் கையாண்டது. 1982இன் இறுதியில் டெர்ரா என்னும் சிறுமி கதையில் தோன்றிப் பின்னர் குழுவில் சேர்கிறாள். படிப்போர் அவளை நேசிக்கத் தொடங்கிய பின், 1983இல் 34ஆம் இதழின் முடிவில், அவள் எதிரியின் ஒற்றர் என்பது தெரியவருகிறது. குழுவினருக்கோ 1984 வரை தெரியாது. இவள் திருந்துவாள் என்று வழக்கமான கதைகளைப் படித்துப் பழகிய வாசகர் காத்திருந்தனர். அவள் திருந்தவில்லை, வெறுப்போடே மடிந்தாள். தொடக்கத்திலேயே அவள் முடிவைத் தீர்மானித்திருந்ததாக ஆசிரியர்கள் பின்னர் கூறினர்.

வேகத்தைக் குறைக்கும் இதழ்கள்

குழுக்கதையின் வேகம் என்றால் விரைவு என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது. 1984இல் வெளிவந்த 186ஆம் இதழ் இரு மடங்குப் பக்கம் கொண்டது. பேரி வின்ட்ஸர்-ஸ்மித் வரைந்தார். முந்திய இதழில் ஸ்டார்ம் என்னும் தலைவி, வேறொருவரைக் குறிவைத்துச் சுடப்பட்ட துப்பாக்கியால் தன் ஆற்றலை இழந்துவிட்டாள். காற்றையும் மழையையும் ஏவியவள் தரையில் நடக்கும் சாதாரணப் பெண்ணாகிறாள். ஃபோர்ஜ் என்பவன் அவளைத் தன் இல்லத்தில் வைத்துப் பேணுகிறான். இருவரும் பேசுகிறார்கள், உண்கிறார்கள், நெருங்குகிறார்கள். தன் ஆற்றலைப் பறித்த கருவியை உருவாக்கியவன் இவனே என்பதை அவள் அறியும் வரை இதழ் மெல்ல நகர்கிறது. வீரர் கதை எனப் பெயர் பெற்ற ஒன்றில் இரு மனிதரின் உரையாடலுக்கு இத்தனை பக்கங்களை ஒதுக்கத் துணிவு வேண்டும். ஸ்டார்மின் அழிவற்ற அமைதியை ஒன்பதாண்டுகளாகப் பார்த்துப் பழகியவர்க்கே இந்த இழப்பு முழுமையாகப் புரியும். அந்த ஒன்பதாண்டுகளே இவ்விதழின் முன்னுரை.

மாக்னீட்டோவின் மாற்றம் இதைவிடவும் நுட்பமானது. 1963 முதல் வெறும் கொடியவனாக இருந்தவர் அவர். 1981இல் 150ஆம் இதழில் கிட்டி பிரைட் என்னும் சிறுமியை ஏறத்தாழக் கொன்றுவிட்ட நிலையில், அவள் ஒரு குழந்தை என்பதைக் கண்டு நிலைகுலைகிறார். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் தம் சுற்றத்தை இழந்தவர் அவர் என்பது அங்கே வெளிப்படுகிறது. 1982இல் 161ஆம் இதழில் அவரும் சேவியரும் ஒருகாலத்தில் நண்பர்களாக இருந்தமை சொல்லப்படுகிறது. பின்னர் இடையிடையே தோன்றி மறைகிறார். 1985இல் 200ஆம் இதழில் பாரிஸ் நகரில் உலக மன்றத்தின்முன் தம்மைத் தாமே விசாரணைக்கு ஒப்படைக்கிறார். சேவியரோ தம் பள்ளியை அவர் பொறுப்பில் விட்டுச் செல்கிறார். ஒரே இதழில் பகைவன் நண்பனாகியிருந்தால் நம்புவார் யார்? நான்காண்டுகளில் சிதறிக் கிடந்த சில காட்சிகள் அதை நம்பத்தக்கதாக்கின. மனம் மாறுவதற்குக் காலம் வேண்டும் என்பதை இத்தொடர் கதையாகவே நடத்திக் காட்டியது.

சொல்லும் படமும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பது இங்கு எழும் மற்றொரு சிக்கல். மார்வெல் முறைப்படி எழுத்தாளர் கதைச்சுருக்கம் தருவார். ஓவியர் பக்கம் பிரித்து வரைவார். அதன்பின்னரே உரையாடல் எழுதப்படும். ஆகவே கட்டங்களின் எண்ணிக்கையும் அளவும், அதாவது கதையின் நடை, ஓவியர் கையில். அந்நடையின்மேல் சொற்களை ஏற்றுபவர் எழுத்தாளர். கிளேர்மான்ட் மிகுதியாக எழுதுபவர். ஒருவர் தாவிக் குதிக்கும் கணத்தில் ஐந்து வரி சிந்தனை ஓடும். படம் பாய்கிறது, சொல் இழுக்கிறது. 140ஆம் இதழில் கொலோசஸ் என்னும் பலசாலி மரக்கட்டை ஒன்றை எளிதாகப் பிடுங்குவதாகப் பைர்ன் வரைய, அவர் பாடுபட்டுப் பிடுங்குவதாகக் கிளேர்மான்ட் எழுதினாராம். இத்தகைய மாறுபாடுகளே தாம் தொடரை விட்டு விலகக் காரணம் எனப் பைர்ன் பின்னாளில் கூறியுள்ளார். மரக்கட்டைக்காக ஒரு சிறந்த கூட்டணி முறிந்தது என்பது வேடிக்கையாகத் தோன்றினாலும், ஒரு கட்டத்தை எவ்வளவு நேரம் படிப்பது என்பதை யார் முடிவு செய்வது என்னும் பெரிய வினா அதற்குள் இருக்கிறது.

நூல் அறுந்த இடங்கள்

கிளைக்கதை என்பது ஒருவகைக் கடன். படிப்பவர் இன்று கவனத்தைத் தருகிறார். எழுதுபவர் பின்னர் பொருள் தருவதாக வாக்களிக்கிறார். மாந்தரும் கதையும் நிறுவனத்தின் உடைமையாக இருக்கும்போது, அவ்வாக்கைக் காப்பாற்றும் உரிமை எழுதியவரிடம் இருப்பதில்லை.

1983இல் மாட்லின் பிரையர் என்னும் விமானி கதையில் வருகிறாள். இறந்துபோன ஜீனின் சாயல் உடையவள். ஸ்காட் அவளை மணந்து, போர்வாழ்வை விட்டு இல்லறத்தில் அமைகிறான். கிளேர்மான்ட் அவனுக்கு அளித்த ஓய்வு அது. வீரன் ஒருவன் வீட்டுக்குத் திரும்பி மனைவி மக்களோடு வாழ்வது இவ்வகைக் கதைகளில் அரிது. ஆனால் 1986இல் பழைய ஐவரையும் வைத்து எக்ஸ்-ஃபாக்டர் என்னும் புதிய இதழைத் தொடங்க நிறுவனம் முடிவு செய்தது. அதற்கு ஜீன் வேண்டும். இறந்தவள் ஃபீனிக்ஸ் ஆற்றல் எடுத்த உருவமே, உண்மை ஜீன் கடலடியில் உறங்கிக்கொண்டிருந்தாள் என ஒரு விளக்கம் தரப்பட்டது. அவள் மீண்ட செய்தி கேட்ட ஸ்காட், மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப் புறப்பட்டுவிட்டான்.

ஒரு புதிய இதழின் விற்பனைக்காக ஒரு நல்ல மனிதன் மனைவியைக் கைவிட்டவனாக ஆக்கப்பட்டான். அவனைக் காப்பாற்ற மனைவியைக் கெட்டவளாக்க வேண்டியதாயிற்று. 1989இல் முடிந்த 'இன்ஃபெர்னோ' என்னும் தொடரில், மாட்லின் ஓர் அறிவியலாளன் ஜீனின் உடற்கூற்றிலிருந்து படைத்த படியே எனக் கூறி, அவளைப் பேய்களின் அரசியாக்கி, மாயவும் செய்தார்கள். ஆறாண்டு வளர்ந்த விழுதை வெட்டியதோடு, அது விழுதே அன்று என்றும் சொல்லிவிட்டார்கள். 137ஆம் இதழின் இறப்புக்கு இருந்த மதிப்பும் இதனால் குறைந்தது.

1986இலேயே 'மியூட்டன்ட் மாசகர்' என்னும் கதை எக்ஸ்-மென் இதழோடு நில்லாது, தோர், பவர் பேக் முதலிய வேறு இதழ்களுக்கும் பரவியது. முழுக்கதையும் வேண்டுவோர் அத்தனையும் வாங்க வேண்டும். அதுமுதல் இத்தகைய கூட்டுக்கதைகள் அடிக்கடி நிகழலாயின. ஒவ்வொரு முறையும் தொடரின் உள்ளே ஓடிக்கொண்டிருந்த கிளைக்கதைகள் பாதியில் நின்றன. மீண்டும் எடுக்கும்போது அவற்றின் வெம்மை தணிந்திருந்தது. 1991இல் கதை செல்ல வேண்டிய திசை பற்றிப் பதிப்பாசிரியரோடு ஏற்பட்ட கருத்து வேற்றுமையால் கிளேர்மான்ட் விலகினார். அவர் எழுத்தும் ஜிம் லீ ஓவியமுமாக அவ்வாண்டு வெளிவந்த புதிய எக்ஸ்-மென் முதல் இதழ் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. அதில் மூன்று இதழ்கள் மட்டுமே எழுதிவிட்டு அவர் வெளியேறினார். பதினாறு ஆண்டுகள் காத்த தொடர் அதன் விற்பனை உச்சியில் அவர் கையைவிட்டுப் போயிற்று.

2000க்குப் பின் கதையோட்டம் வேறு வகையில் மாறியது. மாத இதழ்களை ஐந்தாறாகச் சேர்த்து நூலாக விற்பது பெருகியது. ஒவ்வொரு நூலும் தன்னளவில் முழுமையுடையதாக இருக்க வேண்டும் என்பதால் கதைகள் ஆறு இதழ் அளவுக்கு நீட்டி எழுதப்பட்டன. 1962இல் 11 பக்கங்களில் சொல்லப்பட்ட ஸ்பைடர்-மேன் பிறப்புக் கதை, 2000இல் தொடங்கிய அல்டிமேட் ஸ்பைடர்-மேன் தொடரில் முதல் ஏழு இதழ்களை எடுத்துக்கொண்டது. ஓவியத்திற்கு அகலம் கிடைத்தது. மௌனத்திற்கும் இடம் கிடைத்தது. நூலின் கடைசிப் பக்கத்தில் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்றபோது, நான்காண்டு தொங்கும் விழுதுக்கு மட்டும் இடமில்லாமற்போயிற்று. குழுக்கதைகள் இதனால் மிகுதியும் இழந்தன என்றே கருதுகிறேன். ஆறு இதழ்களில் தலைவன் கதை முடிந்துவிடும். குழுவின் ஏழாவது உறுப்பினர் பின்னால் நின்று இரண்டு வசனம் பேசிவிட்டுப் போவார்.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு விழுதின் கதையையும் குறிப்பிட வேண்டும். 1981இல் 142ஆம் இதழில், நீலநிற உடலினனாகிய நைட்கிராலர், தன்னைப்போலவே நீலநிறம் கொண்ட மிஸ்டிக் என்பவளைப் போர்க்களத்தில் எதிர்கொள்கிறான். நீ யார், என்னைப்போல் ஏன் இருக்கிறாய் என்று அவன் வியக்க, அவள் உன் வளர்ப்புத்தாயைக் கேள் என்னும் கருத்தில் மறுமொழி கூறி நகர்கிறாள். சில கட்டங்கள்தாம். உருமாறும் ஆற்றலுடைய மிஸ்டிக் தந்தையாகவும், அவளுடைய வாழ்க்கைத்துணையான டெஸ்டினி தாயாகவும் அமைய வேண்டும் என்பது கிளேர்மான்டின் தொடக்கக் கருத்து. அக்காலத்தில் அதை அச்சேற்ற இயலவில்லை. 2003இல் வேறோர் எழுத்தாளர் மிஸ்டிக்கைத் தாயாக்கி, வேறொரு தந்தையையும் படைத்து எழுதினார். அவ்விளக்கத்தை வாசகர் பலர் விரும்பவில்லை. 2023 நவம்பரில் சைமன் ஸ்பூரியர் எழுதிய தனி இதழ் ஒன்றில் கிளேர்மான்டின் பழைய கருத்தே உண்மை என நிலைநாட்டப்பட்டது. 142ஆம் இதழைப் பதினைந்து வயதில் வாங்கிப் படித்த ஒருவர், விடையைப் படிக்கும்போது ஐம்பத்தேழு வயதினராக இருந்திருப்பார்.